தலையில் கேமரா... கவனம் எங்கே?

'மிஷன் இம்பாசிபிள் - ஃபால்அவுட்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. ராட்சத ராணுவ விமானத்தின் பின்கதவு திறந்திருக்கிறது. வெளியே மங்கலான அந்தி வெளிச்சம். டாம் க்ரூஸ் ஓடிவந்து வானத்தில் பாய்கிறார். 2018-ல் தியேட்டர்களில் விசில் பறந்தது அவருக்குத்தான். ஆனால், அவர் முகத்தை நமக்கு அத்தனை அருகில் காட்டியவர் யார்? டாம் க்ரூஸுக்கு முகம் கொடுத்தபடி, தன் முதுகை வானத்துக்குக் காட்டி, பின்னோக்கி விழுந்த ஒரு மனிதர். க்ரெய்க் ஓ'பிரையன் என்பது அவர் பெயர். அவர் கையில் கேமரா இல்லை. தலையில் இருந்தது. ஹெல்மெட்டின் மேல் பொருத்திய சினிமா கேமரா.

அந்தக் காட்சிக்காக நூறு முறைக்கும் மேல் குதித்தார்கள். சூரியன் மறையும் நேரத்துச் சில நிமிட வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதால், நாள் முழுக்கக் காத்திருந்து அந்தச் சில நிமிடங்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. விழுந்துகொண்டே ஃபோகஸைத் திருக முடியாது. அதனால் டாம் க்ரூஸ், கேமராவிலிருந்து மூன்றடி தூரத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனால் முகம் மங்கிவிடும். நெருங்கிவந்தால் இருவரும் மோதிக்கொள்வார்கள். அதுவும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் வீழ்ச்சியில்.

இன்று நம் ஊர் ஈ.சி.ஆர். சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் போகும் பையன்களின் ஹெல்மெட் தாடையிலும் ஒரு குட்டிக் கேமரா ஒட்டிக்கொண்டிருக்கிறது. லடாக் போகிறவர், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுகிறவர், மலைப்பாதையில் சைக்கிள் இறக்குகிறவர் என எல்லோரிடமும் இருக்கிறது. ஓ'பிரையனின் கேமராவுக்கும் இதற்கும் விலையில்தான் வித்தியாசம். தலையில் கேமரா ஏறியதும் மனதுக்கு என்ன ஆகிறது என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த விஷயத்தை ஸ்கை டைவிங்காரர்கள் ரொம்ப காலத்துக்கு முன்பே, மிகக் கடுமையான விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

தலையில் கேமரா வைத்துக் குதிப்பவர்களை 'கேமரா ஃப்ளையர்' என்பார்கள். அவர்களுக்கு வியூ ஃபைண்டர் கிடையாது. ஒரு கண்ணுக்கு முன்னால் சின்ன வளையம் போன்ற கண்ணாடி ஒன்று ஹெல்மெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வளையத்துக்குள் ஆள் தெரிந்தால் கேமராவிலும் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் சுவரைப் பார்த்து நின்று, கேமராவையும் வளையத்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து இறுக்கிவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். போட்டோ எடுக்கும் பட்டன் எங்கே இருக்கும் தெரியுமா? வாய்க்குள். பல்லால் கடித்தோ நாக்கால் அமுக்கியோ 'க்ளிக்' செய்வார்கள். கைகள் இரண்டும் பறப்பதற்கு வேண்டுமே! பலர் அணியும் உடையில் கைக்கும் இடுப்புக்கும் நடுவே வௌவால் இறக்கைபோலத் துணி தைத்திருக்கும். கையை விரித்தால் விழும் வேகம் குறையும், ஒடுக்கினால் கூடும். படமெடுக்கப்படுபவர் எந்த வேகத்தில் விழுகிறாரோ அதே வேகத்தில் தானும் விழுவதற்கு இந்த ஏற்பாடு.

கழுத்துதான் அவர்களுடைய ட்ரைபாட். நாம் சாதாரணமாக ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு அது தெரியாது, மூளை சரிசெய்துவிடும். கேமரா எதையும் மன்னிக்காது. முதன்முதலாக ஹெல்மெட் கேமரா வாங்கியவர் எடுத்த வீடியோவை வீட்டில் டி.வி-யில் போட்டால், ஐந்தாவது நிமிடம் பாட்டிக்குத் தலைசுற்றும். காரணம் இதுதான். அனுபவசாலிகள் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பார்கள். தலையைத் திருப்ப வேண்டுமென்றால் கோயில் தேர் திரும்புவதுபோல நிதானமாகத் திருப்புவார்கள். இப்போதைய கேமராக்களில் ஆட்டத்தைச் சமன்செய்யும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அது குலுக்கலைக் குறைக்கும். அலைபாயும் தலையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கலை இன்று நேற்று வந்ததல்ல. 1969-ல் வந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' ஹாலிவுட் படத்துக்காக கார்ல் போனிஷ் என்ற அமெரிக்கர் ஹெல்மெட்டில் ஃபிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு குதித்தார். இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு வானத்தில் படமெடுக்க வந்தவர் அவர். 1978-ல் கலிஃபோர்னியாவின் எல் கேபிடான் மலை உச்சியிலிருந்து பாராசூட்டுடன் ஆட்கள் குதித்ததைப் படமாக்கி, 'பேஸ் ஜம்பிங்' என்ற விளையாட்டையே உலகத்துக்கு அறிமுகம் செய்தார். 1984-ல் நார்வேயின் மலைச்சுவர் ஒன்றிலிருந்து குதித்தபோது இறந்துபோனார். 1979-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'மூன்ரேக்கர்' நினைவிருக்கிறதா? பாராசூட் இல்லாமல் தள்ளிவிடப்படும் பாண்ட், விழுந்துகொண்டே இன்னொருவரிடமிருந்து பாராசூட்டைப் பறிப்பாரே, அதுவும் ஹெல்மெட் கேமராவில் எடுத்ததுதான். அந்த இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு 88 முறை குதித்தார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம். நடித்தவர்கள் கோட்டுக்குள்ளேயே மெல்லிய பாராசூட்டை ஒளித்துவைத்திருந்தார்கள்.

அப்போதெல்லாம் இது சிலருக்கு மட்டுமே சாத்தியமான வேலை. எல்லோர் தலைக்கும் கேமராவைக் கொண்டுவந்தவர் நிக் உட்மேன். ஆரம்பித்த கம்பெனி மூழ்கிப்போன சோகத்தில் 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் சர்ஃபிங் செய்யக் கிளம்பிய கலிஃபோர்னியா இளைஞர் அவர். அலையில் சறுக்கும்போது தன்னையும் நண்பர்களையும் படமெடுக்க ஆசை. கேமராவைக் கையில் பிடித்தால் பலகையில் நிற்க முடியாது. மணிக்கட்டில் கட்டிப்பார்த்தார்; அலை அடித்ததும் பிய்த்துக்கொண்டு போனது. சரி, நல்ல பட்டை ஒன்று செய்து விற்போம் என்பதுதான் அவருடைய முதல் திட்டம். கேமரா செய்யும் எண்ணமே பிறகுதான் வந்தது. பணம் சேர்க்க, பாலியில் வாங்கிய சிப்பி பெல்ட்டுகளை வேனில் வைத்து ஊர் ஊராக விற்றார். அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்து பட்டைகளைத் தைத்தார். 2004-ல் விற்பனைக்கு வந்த முதல் கோப்ரோ, மணிக்கட்டில் கட்டும் சாதாரண ஃபிலிம் கேமராதான். டிஜிட்டலும் ஹெச்.டி-யும் ஹெல்மெட்டும் அதற்குப் பின்னால் வந்தவை.

கோப்ரோ என்றதும் எல்லோரும் லென்ஸைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் கதை ஒரு பட்டையில் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. எப்படி மாட்டுவது என்ற கேள்விதான் முதலில் வந்தது. இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்.

அதற்கு முன் 1988-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 35 வயதுக்காரர். 800 தடவைக்கும் மேல் குதித்த அனுபவசாலி. பயிற்சியாளரும் மாணவரும் சேர்ந்து குதிப்பதை வீடியோ எடுப்பது அன்று அவர் வேலை. ஹெல்மெட்டில் கேமரா. அந்தக் கால வீடியோ ரெக்கார்டர் கனமானது என்பதால் அதைத் தனியாக முதுகில் சுமந்திருந்தார். விமானம் ஏறினார். லென்ஸைச் சரிபார்த்தார். அவர்கள் குதித்தார்கள், அவரும் குதித்தார். அருமையாகப் படம் எடுத்தார். பாராசூட்டை விரிக்கக் கையைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, பாராசூட் இல்லை. மாட்டிக்கொள்ளவே மறந்திருக்கிறார்.

முதுகில் ரெக்கார்டரின் கனம் இருந்தது. பாராசூட்டின் கனம் என்று உடம்பு நினைத்துக்கொண்டது என்பதே பின்னால் பலரும் சொன்ன விளக்கம். விமானத்தில் இருந்த மற்றவர்களும் கவனிக்கவில்லை. கேமரா மட்டும் தன் வேலையைக் கடைசி வரை செய்திருந்தது.

இதைப் படிக்கும்போது 'அது எப்படி மறக்கும்?' என்று தோன்றும். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள், 'என்ன சாப்பாடு?' என்று. அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு காட்சியைப் பிடிக்க வேண்டும் என்று மனம் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. கல்யாண வீட்டில் அதனால் ஒரு பாயசம் போகும், அவ்வளவுதான். தலையில் கேமராவுடன் விமானத்தின் வாசலில் நிற்கும்போதும் அதே மனம்தான் வேலை செய்கிறது.

அமெரிக்க பாராசூட் சங்கம் இதற்காகவே ஓர் அறிவுரை வைத்திருக்கிறது. குறைந்தது 200 முறை குதித்த பிறகுதான் கேமராவைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். 'என் கேமரா தீப்பெட்டி சைஸ்தான்... இதற்கு எதற்கு 200?' என்று புதியவர்கள் முணுமுணுப்பது உண்டு. அவர்கள் கேமராவின் கனத்தைக் கிராமில் கணக்குப் போடுகிறார்கள். விமானத்தில் ஏறியதும் 'ரெக்கார்ட் ஆகிறதா? லைட் எரிகிறதா? கார்டில் இடம் இருக்கிறதா?' என்று கேட்க ஆரம்பிக்கும் மனதின் கனத்துக்குத் தராசு இல்லை. 200 முறை குதித்தவருக்கு உயரம் பார்ப்பதும் கயிற்றை இழுப்பதும் யோசிக்காமலே நடக்கும். மீதமிருக்கும் கவனத்தைக் கேமராவுக்குக் கொடுக்கலாம். பத்துத் தடவை குதித்தவரிடம் மிச்சம் என்று எதுவும் கிடையாது.

இனி மாட்டும் விஷயம். கேமராவை எவ்வளவு கெட்டியாகப் பிடிக்க வைக்கலாம் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். ஸ்கை டைவிங்காரர் இரண்டாவது ஒரு கேள்வியும் கேட்பார்: தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் கழற்றலாம்? பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் தலையை உரசிக்கொண்டு போகும். துருத்திக்கொண்டிருக்கும் கேமராவில் ஒரு கயிறு சிக்கினால், பாராசூட்டும் விரியாது, கழுத்தும் தப்பாது. அதனால், ஒரே இழுப்பில் ஹெல்மெட்டையே கழற்றி எறியும்படியான தாடைப் பூட்டை அவர்கள் வைத்திருப்பார்கள். கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் டேப் ஒட்டி மூடுவார்கள். லட்ச ரூபாய் கேமராவானாலும் அந்த நேரத்தில் அது கழன்று விழத்தான் வேண்டும்.

பைக்குக்கும் இது பொருந்தும். ஹெல்மெட் ஏன் உருண்டையாக, வழவழவென்று இருக்கிறது? அழகுக்கு மட்டுமல்ல. கீழே விழுந்தால் தலை தரையில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு கொம்பு முளைத்திருந்தால் அது தரையில் குத்தித் தலையைத் திருகும். திருகலைக் கழுத்தும் மூளையும் தாங்காது. ஹெல்மெட் உச்சியில் கேமராவை நட்டுவைத்துக்கொண்டு போவதை அனுபவசாலிகள் தவிர்ப்பது இதனால்தான். தாடைப் பகுதியில், முடிந்தவரை ஒட்டினாற்போல வைப்பது மேல். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும். ஹேண்டில்பார், கைகள், சாலை மூன்றும் ஃப்ரேமில் இருக்கும். பார்ப்பவருக்குத் தானே ஓட்டுவதுபோலத் தோன்றும். உச்சியிலிருந்து எடுத்தால் பைக்குக்கு மேலே யாரோ மிதந்துகொண்டு போவதுபோலிருக்கும்.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். 150 கிராம் எடையுள்ள கேமரா ஒன்றை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தள்ளும் விசை, தோராயமாக அதன் எடைக்கே சமம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். பக்கவாட்டில் மாட்டியிருந்தால் அந்த விசை தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும்.

பசை அட்டையைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் உண்டு. வளைந்த பரப்புக்கு வளைந்த அட்டை, தட்டைக்குத் தட்டை. மாற்றி ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டும் இடத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது, ஈரம் கூடவே கூடாது. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக்கே கெட்டுப்போகும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். பசை முழுப் பிடிமானத்துக்கு வர 24 மணி நேரமாகும். காலையில் ஒட்டிக் காலையிலேயே கிளம்புகிறவர்களின் கேமராக்கள்தான் திண்டிவனம் தாண்டுவதற்குள் லாரிச் சக்கரத்துக்கு இரையாகின்றன. கேமராவை மெல்லிய கயிற்றால் ஹெல்மெட்டோடு கட்டிவைப்பது நல்லது. ஆனால், முரட்டுக் கயிறு வேண்டாம். துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை, துளை போடாத ஹெல்மெட்டுக்குக் கொடுத்தது.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2022-ல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா மாட்டி ஓட்டக் கூடாது என்று அறிவித்தது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை லைசென்ஸ் சஸ்பெண்ட். விபத்துகளில் கேமராவே காயத்துக்குக் காரணமாகிறது என்பது அதிகாரிகளின் வாதம். 'ஆதாரத்துக்குத்தான் கேமரா வைக்கிறோம்' என்பது ஓட்டுபவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2013 டிசம்பரில் ஃபிரான்ஸ் பனிமலையில் மைக்கேல் ஷூமேக்கர் பாறையில் மோதியபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. ஹெல்மெட் பிளந்ததற்குக் கேமராதான் காரணமா என்று உலகமே விவாதித்தது. அப்படி நிரூபணமாகவில்லை. ஆனால், அவர் கண்மூடித்தனமான வேகத்தில் போகவில்லை என்பதை விசாரணை அதிகாரிகள் தெரிந்துகொள்ள உதவியது அதே கேமராவின் வீடியோதான்.

கேமரா செய்யும் இன்னொரு விஷமத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. இதன் லென்ஸ் அகன்ற கோணத்தில் பார்க்கும். அதனால் எல்லாம் தள்ளிப்போனதுபோலவும், சரிவுகள் தட்டையானதுபோலவும் தெரியும். நேரில் அடிவயிற்றைக் கலக்கும் மலைச்சரிவு, வீடியோவில் பார்த்தால் தெருமுனைச் சரிவுபோல இருக்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவருக்கு வீட்டில் வந்து பார்த்ததும் ஏமாற்றம். 'இவ்வளவுதானா?' என்று நண்பர்கள் கேட்கும்போது எரிச்சல். அடுத்த வாரம் இன்னும் செங்குத்தான இடம் தேடுகிறார். அடுத்த முறை இன்னும் வேகம். லென்ஸ் விழுங்கிய பயத்தைத் தன் உயிரால் ஈடுகட்டப் பார்க்கிறார். படத்தில் சரிவு தெரிய வேண்டுமென்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. கோணத்தைக் குறைத்து வைக்கலாம். பக்கத்தில் மரமோ, முன்னால் போகும் ஆளோ ஃப்ரேமில் இருந்தால் கண்ணுக்கு அளவு கிடைக்கும். நண்பர் ஒருவர் கீழே நின்று செல்போனில் எடுத்தாலே போதும். சரிவு சரிவாகத் தெரியும்.

கேமராவின் கோணத்தைச் சரிசெய்யும்போது நின்றுகொண்டு செய்யாதீர்கள். வண்டியில் ஏறி, ஓட்டும்போது எப்படிக் குனிந்திருப்பீர்களோ அப்படி உட்கார்ந்து செல்போன் திரையில் பார்த்து வையுங்கள். நின்றபடி வைத்தால் வீடு வந்து பார்க்கும்போது மூன்று மணி நேரமும் பெட்ரோல் டேங்க்தான் நடித்திருக்கும். குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். லே பகுதியின் குளிரில் முழு சார்ஜ் பேட்டரியும் சட்டென்று படுத்துவிடும்.

இத்தனையும் செய்து எடுத்த வீடியோவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போது ஒன்று நடக்கும். பையன் 'இந்த வளைவைப் பாருங்க' என்பான். அப்பா, 'ஸ்பீடோமீட்டர் தெரியுதா பார்' என்று கண்ணாடியைத் தேடுவார். அம்மா படத்தைப் பார்க்கவே மாட்டார். ஹெல்மெட்டுக்குள் வைத்த மைக்கில் பதிவான மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். லாரியை முந்தும் இடத்தில் அந்த மூச்சு ஒரு கணம் நிற்கும். எடிட் செய்து பாட்டுப் போட்டுவிட்டால் அது யாருக்கும் கேட்காது.

தொழில்முறை கேமரா ஃப்ளையர்கள் இப்போது ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறார்கள். விமானம் ஏறும் முன் பாராசூட்டின் பட்டைகள், கொக்கிகள், கைப்பிடிகள். அதை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பார். விமானம் உயரத்தை அடைந்ததும் மீண்டும் ஒருமுறை. அதன்பின் ஹெல்மெட், தாடைப் பூட்டு. கேமராவின் பட்டன் கடைசியில்தான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார். எரியவில்லை என்றால், அன்றைக்குப் படம் இல்லாமலே குதித்துவிட்டு வருவார்கள்.